மாத்திரைக்கு முழங்கால் எங்கே என்று தெரியுமா

ஜனவரி 14, ஞாயிறு
இல்லை, வலி போகவில்லை. அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மருத்துவர் எழுதிக்கொடுத்த மெலாக்சிகாம் – நாளுக்கு ஒன்று, சாப்பிட்ட பின். அம்மா பிழைத்ததற்காக மூன்று வருஷம் கார்னிவல் திருவிழா ஊர்வலத்தில் ஆடுவதாக மாதாவிடம் நேர்ந்தேன். இது மூன்றாவது. பிப்ரவரி பத்துவரை முழங்கால் தாங்கினால் போதும்.

ஜனவரி 16
வயிற்றுக்குள் விழும் மாத்திரைக்கு முழங்கால் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?

ஜனவரி 28, ஞாயிறு
இப்போது தினமும் பயிற்சி. மாலையில் வலியின் கதவு திறந்துகொள்கிறது. என் வரிசையில் ஆடும் வில்மா, பெட்டிக்கடையில் ஒற்றையாகக் கத்தரித்து வாங்கிய மாத்திரையை நீட்டினாள். பெயர் தெரியவில்லை. "முழுங்குடி தத்துவம். யோசிச்சா வலி போயிடுமா?" தத்துவம் படிக்கிறேன் என்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் அது. முழுங்கினேன். காலையில் என்னுடையது, மாலையில் அவளுடையது. நிறம் வேறு, ஆகவே மருந்து வேறு – பல்கலைக்கழகத் தர்க்கம்.

பிப்ரவரி 4
மலம் தார் போலக் கறுப்பு. எழுதக் கூசுகிறது. தலை சுற்றல். ஏன் கறுப்பு?

பிப்ரவரி 5
வில்மா பெட்டிக்கடையில் மாத்திரையின் பெயரைக் கேட்டுச் சொன்னாள்: டைக்ளோஃபெனாக். மருந்துக்கடையில் போய் இரண்டு பெயரையும், கறுப்பாகப் போவதையும் சொன்னதும் ஹோர்டென்சியா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டும் ஒரே வேலை பாக்குற மாத்திரை. ஒண்ணு போட்டா இன்னொண்ணு கூடாதுடி."
"மாத்திரைக்கு முழங்காலுக்குப் போற வழி எப்படிக்கா தெரியுது?"
"அதுக்கென்ன தெரியும்? உடம்பு பூரா போகும். எதை அடக்கி வீக்கத்தைக் குறைக்குதோ, அதுதான் வயித்துச் சுவரையும் காப்பாத்துறது. கறுப்பா போனா ரத்தம். இங்க நிக்காத, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."
என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. பதில் எனக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 7
ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் சின்னப் புண். இந்த வகை மாத்திரை எதுவும் கூடாது. சனிக்கிழமை ஆடலாமா என்றேன். "வேணாம். மாத்திரை இல்லாம ஆட முடியுமான்னு உன் முழங்காலையும் கேட்டுப் பாரேன்" என்றார் மருத்துவர்.
கேட்டேன். முடியாது.
எங்கள் ஆட்டக் குழுத் தலைவர் எஃப்ராயின் படுக்கையருகே வந்து தொப்பியைக் கழற்றினார். "மூணாவது வருஷம் அடுத்த வருஷம் வரட்டும். மாதா என்ன வருகைப் பதிவேடா வெச்சிருக்கா?"
சிரித்தேன். அவர் போனதும் – சே, எவ்வளவு அழுகை.

பிப்ரவரி 10, சனி
ஊர்வலம் முடிந்ததும் ஆடியவர்கள் எல்லோரும் வழக்கப்படி முழங்காலில் ஊர்ந்தே மாதா கோயிலுக்குள் போனார்கள். வில்மா விசும்பிக்கொண்டே ஊர்ந்தாள். நான் அவள் பக்கத்தில், ஆட்டக் காலணி இல்லாமல் சாதாரணச் செருப்போடு, நடந்து போனேன். மாதாவின் முன் நின்றபடியே, அடுத்த ஆண்டு என்றேன். வெளியே வந்து புண்ணுக்கான மாத்திரையைப் போட்டு, அரை மணி பொறுத்து, சோளக்கஞ்சி குடித்தேன்.