ஊறுகாய் மாணிக்கம் விடைபெற்ற விதம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலை முதல் தூறல். துணி எதுவும் காயவில்லை. மீ.யின் சேலை இரண்டு, துண்டு ஐந்து, கொடியில் ஈரமாகவே.

வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை, டயப்பர் (மீடியம்), பாசிப்பயறு, ஸ்ட்ரா, எனக்கு பிளேடு.

மீ.க்குப் பக்கவாதம் வந்து இன்றோடு எண்பத்தாறு நாள். மீனாட்சி வாயிலிருந்து இதுவரை வந்தது "தா… தா…" மட்டும். தண்ணீருக்கும் தா, வலிக்கும் தா, என் மேல் கோபத்துக்கும் தா. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் (எங்கள் மகள் வள்ளி வயதுதான்) போன தடவை சொன்னது: "யோசிச்சுப் பேசுற பேச்சுதான் சார் இப்ப வராது. பழகிப்போன பேச்சு உள்ள எங்கயாவது கிடக்கும். பாட்டு, சுலோகம், அடிக்கடி சொன்ன வரி. நீங்க பாதி சொல்லி நிறுத்துங்க, மீதி தானா வரலாம். ஒரு வார்த்தை வந்தாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு மேல போயிடலாம்."

அடுத்து போக வேண்டியது 12ஆம் தேதி. அன்றும் ஒன்றும் வராவிட்டால் பட அட்டைதானாம். தட்டுப் படம், கட்டில் படம், கக்கூஸ் படம். வேண்டியதை விரலால் தொட வேண்டும். ஒரு நிமிடம் வாயை மூடாதவள் மீ. அவள் படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்பதை நான் பார்க்க மாட்டேன்.

சுலோகம் பார்த்தாயிற்று. பலனில்லை. அவள் கோயிலுக்குப் போனதே ஊர்க்கதை பேசத்தான்.

மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது திடீரென்று ஊறுகாய் மாணிக்கம் நினைவு. செவ்வாய்க்கிழமை என்பதால் இருக்கும். அந்தக் காலத்தில் செவ்வாய் சாயங்காலம் ஏழரைக்கு டிவியில் அவர் நிகழ்ச்சி. ஊறுகாய் விளம்பரத்தில் தலைகாட்டியதால் அந்தப் பட்டம். கக்கத்தில் குடை, தொந்தி, மூக்கு நுனியில் கண்ணாடி. விருந்துக்கு வந்தவர் வீட்டை விட்டுப் போகவே மாட்டார், வாராவாரம் அதே கதை. அவர் வாயைத் திறக்கும் முன்பே மீ. சிரிக்கத் தொடங்கிவிடுவாள். அடுப்பில் தோசை கருகும். தெருப் பிள்ளைகள் முழுக்க எங்கள் கூடத்தில். முடிவில் அவர் சொல்லும் வரியை எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். மீ. குரல்தான் முதலில்.

அது அவளுக்குச் சுலோகத்துக்கு மேலே. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை!

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

ஒரு சிக்கல். அந்த வரி எனக்குச் சரியாகத் தெரியாது. பதினோரு வருஷம் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் பேப்பருக்குப் பின்னால். சர்வேயர் வேலை பார்த்துவிட்டு வந்தவனுக்கு இந்தக் கூத்து எதற்கு என்று ஒரு மிதப்பு. காதில் விழுந்தது "போயிட்டு வாரேன்" என்பது மட்டும். உடனே வீடே இடிகிற மாதிரி சிரிப்பு. போயிட்டு வாரேன் என்று எவன்தான் சொல்வதில்லை, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டுவேன்.

பின்னால் ஏதோ இருந்திருக்க வேண்டும். நானே ஊகித்தேன்: "போயிட்டு வாரேன்னு சொன்னேன்ல? வந்துட்டேன்!" இப்படித்தான் இருக்கும்.

காலை பத்து தடவை. "போயிட்டு வாரேன்னு சொன்னேன்ல…" என்று நிறுத்தி, அவள் வாயையே பார்த்தேன். புருவத்தைச் சுருக்கினாள். தலையை ஆட்டினாள். மாலை பத்து தடவை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வள்ளி கோவையிலிருந்து போன். இணையத்தில் தேடிவிட்டாளாம், அவர் நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. அவர் இறந்தே வெகுகாலம். "அது நின்னப்பவே எனக்கு நாலு வயசுதாம்ப்பா. அவரு குடைதான் ஞாபகம் இருக்கு. மாமாவைக் கேளுங்க."

நவம்பர் 7, வெள்ளி

தேவகோட்டை. வீட்டு வேலைக்கு வரும் செல்வியம்மாவை மீ. பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். மச்சினன் கண்ணப்பன் வாசலிலேயே. "வாங்கத்தான், அக்கா எப்படி இருக்கா? ஏன் இப்படி எளச்சுப் போயிட்டீக?" காப்பி, சீப்புச் சீடை. எனக்கு எதுவும் இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். என் வரியையும் சொல்லிக் காட்டினேன்.

தலையில் அடித்துக்கொண்டான்.

"அத்தான், நீங்க சொல்றது வரியே இல்ல. அதுல பேச்சு என்ன இருக்கு? எல்லாம் காலுலதான் இருக்கு."

எழுந்து குடையை எடுத்தான். அறுபது வயசுக்காரன், சர்க்கரைக்காரன், நிலைப்படியில் போய் நின்றான். முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு கும்பிட்டான். "போயிட்டு…" என்று ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தான். நின்றான். தெருவைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டி மோந்தான். "…வாரேன்!" என்று காலை உள்ளே வைத்தான்.

"ஒரு காலு அங்குட்டு, ஒரு காலு இங்குட்டு. 'போயிட்டு'ன்னா போயாச்சு. 'வாரேன்'னா வந்தாச்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாராம்! அவரு 'போயிட்டு'ன்னு நிறுத்துனதும் நாங்க 'வாரேன்'னு கத்துவோம். அக்கா அடுப்படியில இருந்தே கத்துவா. நீங்க பாத்ததே இல்லையாத்தான்?"

இல்லை. பார்த்ததில்லை. பதினோரு வருஷம் பத்தடி தூரத்தில் நடந்ததைப் பார்த்ததில்லை.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுகை வந்துவிட்டது. கண்ணப்பன் குடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ்ஸில் வரும்போது "போயிட்டு" "போயிட்டு" என்று முனகிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

நவம்பர் 8, சனி

தூறல். காலை எட்டு மணிக்கு முதல் அரங்கேற்றம். குடை, கண்ணாடி, வேட்டிக்குள் தலையணை.

"போயிட்டு…"

மீ. பார்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இடது பக்க உதடு மட்டும் மேலே போனது. தோள் குலுங்கியது. சிரித்தாள்! பாதி முகத்தில்தான், ஆனாலும் முழுச் சிரிப்பு. எண்பத்தாறும் நாலும் தொண்ணூறு நாளில் முதல் சிரிப்பு.

வார்த்தை வரவில்லை. வரும். நாலு நாள் இருக்கிறது.

ஒரு துணிக்கடைத் திறப்புக்கு மாணிக்கம் காரைக்குடி வந்தபோது மீ. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். மனகோலப் பலகாரம் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவர் காரில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து ஏதோ சொன்னாராம். சொல்ல வந்தாள். "அப்புறம் சொல்லு" என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. இப்போது கேட்கிறேன், அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கு இது வேண்டியதுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

இருபத்திரண்டு தடவை. சிரிப்பு காலையில் மட்டும் இரண்டு முறை. "தா."

செல்வியம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தது. "என்னங்கய்யா, வாசலுக்கும் உள்ளுக்கும் இப்படி நடக்குறீக? யாருகிட்டயாச்சும் வேப்பிலை அடிச்சுக்கங்க."

முழங்கால் வலி. தைலம் வாங்க.

நவம்பர் 10, திங்கள்

எழுதவே கூசுகிறது.

காலை பன்னிரண்டாவது தடவை "போயிட்டு…" என்று நின்றேன். மீ. கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு என்ன ஆனதோ, குடையைத் தரையில் அடித்தேன். "சொல்லேன்டி! ஒரே ஒரு வார்த்தை! உனக்கென்ன பிடிவாதம்?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

மீ. இடது கையால் தன் வாயைத் தட்டித் தட்டிக் காட்டினாள். தா, தா, தா. கண்ணீர் காதுக்குள் ஓடியது.

அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று முதலில் பயந்தேன். இப்போது வேறு பயம். அவள் இருப்பாள், நானும் இருப்பேன், இந்த வீட்டில் பேச்சு இருக்காது. எனக்கு அந்தக் குரல் வேண்டும். திட்டட்டும், குறை சொல்லட்டும், எதுவானாலும் சரி.

குடைக் கம்பி ஒன்று வளைந்துவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல மழை. நடிப்பு இல்லை. தலை வாரிவிட்டேன், வகிடு கோணல். நாளை காலை ஆறு மணிக்குக் கார். ரிப்போர்ட் ஃபைல், மாற்றுச் சேலை, பிளாஸ்கில் வெந்நீர்.

நவம்பர் 12, புதன்

மேலூர் வரை மழை விடவில்லை. மீ. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மதுரை. பயிற்சி கொடுக்கும் பெண் பேனாவைக் காட்டி "இது என்னம்மா?" தா. சீப்பு? தா. மகள் பேர்? தா. பிறகு என்னைக் காட்டி, "இவர் யாரு? இவர் பேர் என்ன?" மீ. வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் தாளில் சைபர் போட்டது.

"அம்மா, அதை அழிச்சிருங்க" என்றேன். "கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம். நல்லா இருந்தப்பவே என் பேரைச் சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட அட்டையைத்தான் நீட்டுவா. தெரியாமச் சொல்லாம இருக்கலம்மா, தெரிஞ்சுதான்."

சிரித்தது. ஆனால் அழிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தது. கட்டில், தட்டு, சொம்பு. "இதுல ஆரம்பிக்கலாம் சார். தப்பா நினைக்காதீங்க, இதுவும் பேச்சுதான்."

எழுந்தேன். வளைந்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கதவைத் திறந்தேன். வெளியே வரிசையில் இருபது பேர், சக்கர நாற்காலியில் மூன்று பேர். கும்பிட்டேன். "போயிட்டு…" ஒரு காலை வெளியே வைத்தேன். வானத்தைப் பார்த்தேன். மின்விசிறிதான் இருந்தது. யாரோ சிரித்தார்கள். "…வாரேன்!" மறுபடியும் "போயிட்டு…" காவலாளி ஓடி வந்தார். "சார், உள்ள போங்க சார்." மூன்றாவது தடவை குடை கதவில் மாட்டிக்கொண்டது, தடுக்கி நிலையைப் பிடித்தேன், வேட்டி அவிழப் பார்த்தது. வரிசை முழுக்கச் சிரிப்பு. நான் விடவில்லை. "போயிட்டு…"

மீ. முகம் சிவந்துவிட்டது. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்ற பார்வை. உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"சோ… சோமு."

என் அம்மா மட்டும் கூப்பிட்ட பெயர்.

"சோமு. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.