துண்டில்லாமல் பேசிய வாடகை

வெள்ளிக்கிழமை, இரவு

கடை மாடியைப் பத்திரிகைக்காரர் சரவணனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். அரசியல் கட்டுரையை மாற்றி எழுதச் சொன்னார்கள் என்று வேலையை உதறியவர். எந்தக் கட்சிக்காரனுக்கும் எந்த மதத்துக்காரனுக்கும் பேச உரிமை உண்டு என்று காலமெல்லாம் எழுதியவர். சொந்தப் பத்திரிகை தொடங்க வில்லாபுரம் முழுக்க இடம் கேட்டும் ஆளுங்கட்சிக்குப் பயந்து ஒருவரும் தரவில்லை.

நான் மாட்டுத் தரகில் தொடங்கியவன். தீவனக் கடை வைத்த பிறகும், விலையைத் துண்டுக்குள் விரலால் ரகசியமாகப் பேசும் பழக்கம் போகவில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து வாடகை பேசக் கையை நீட்டினேன். பக்கத்தில் அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

சரவணன் சிரித்துவிட்டார். "துண்டை எடுங்கண்ணே. எல்லாத்தையும் வெளிப்படையாப் பேசுங்கன்னு எழுதிட்டு, நானே துண்டுக்குள்ள விரலை விட்டா நல்லாவா இருக்கும்?"

செயலாளர் முறைத்தார். "அண்ணே, இவருக்கு இடம் கொடுத்தா எங்க ஆளுக உங்ககிட்ட ஒரு மூட்ட கூட எடுக்க மாட்டாக. பாத்துக்கங்க."

நான் சரவணனைக் கேட்டேன். "என் தீவனத்துல கலப்படம்னு தெரிஞ்சா எழுதுவீகளா?"

"கண்டிப்பா எழுதுவேன். அதுக்கு முன்னாடி படியிறங்கி வந்து உங்க பதிலையும் கேப்பேண்ணே."

துண்டை உதறித் தோளில் போட்டேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது நான்தானா? நான் கத்தியது இது: வாடகை ஐயாயிரம், முன்பணம் ஒரு மாதம், என்னைப் பற்றி எழுதினால் என் பதிலும் அதே பக்கத்தில்.