அதிராத மேளம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அக்காவின் மூத்தவள் லேப் பரீட்சையில் பாஸாகி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் அவள் வெள்ளைக் கோட்டுப் போட்டு மாடிப்படி இறங்கும்போது எதிர்வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று பார்க்கிறாள், பார்க்கட்டும் என்று நானும் பேத்தியை மெதுவாக இறங்கச் சொல்லியிருக்கிறேன். இளையவள் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது, முதலாவதாக வந்தவளுக்குக் கால் நீளம், அதையெல்லாம் ஜெயிப்பில் சேர்க்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே நீ இருக்கிறாய், ஐந்தாவதோடு நின்றவள் பெற்ற பிள்ளை டிவியில் ஆடுகிற ஆட்டத்துக்குப் படம் போடுகிறான் என்று பால்காரர், மருந்துக்கடைக்காரர் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. நீ படம் போட்ட அந்த ஆட்டத்தின் மூன்றாம் பாகத்து டப்பா கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் இருக்கிறது, அக்காவின் கோப்பையைப் பின்னால் தள்ளிவிட்டேன், அவளிடம் சொல்லாதே.

ஊரெல்லாம் இந்தப் பாகத்தைத் திட்டி எழுதுகிறார்கள், முதல் இரண்டுக்கு இது ஈடாகுமா ஆகாதா, நீயாவது உள்ளதைச் சொல்லு அம்மா என்று கேட்டிருக்கிறாய். போனில் கேட்டபோது உன் அப்பா ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று கத்திவிட்டு என் கையில் போனைத் திணித்தாரே, நீ கேட்டது அவர் காதில் விழவே இல்லை, நீ என்ன கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஈடாகவில்லையப்பா.

முதல் பாகத்தில் என்ன இருந்தது, திரையில் நாலு வட்டம் மேலேயிருந்து இறங்கும், கீழே இருக்கிற கோட்டைத் தொடும்போது ஆட்டத்தோடு வந்த மேளத்தைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சரியாகத் தட்டினால் மேளம் உள்ளேயிருந்து கும்மென்று அதிரும். அச்சாபீஸில் மெஷின் பக்கத்தில் நின்றே உன் அப்பாவுக்குக் காது போயிற்று என்று உனக்குத் தெரியும், அங்கே காகிதம் சிக்கினால்கூட அவர் காதால் கண்டுபிடித்ததில்லை, உள்ளங்காலில் தரை நடுங்குகிற நடுக்கம் மாறினால் பட்டென்று கையை எடுத்துவிடுவார். அதனால்தான் அந்த மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஏய், எனக்குப் பாட்டு கேக்குதுடி என்று சிரித்தார். இரண்டாம் பாகம் அதற்கும் மேலே, இரண்டு பேர் சேர்ந்து தட்டுவது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் உட்கார்ந்துவிடுவேன், கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பேச்சுக்குத் தாளம் போட்டது அந்த ஆட்டத்தில் மட்டும்தான். உன்னுடையதில் ஒரே ஆள்தான் ஆட முடிகிறது. செலவைக் குறைக்க மேளத்தை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், பழைய மேளத்தைச் செருகினால் தட்டுவதை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் அதிரமாட்டேன் என்கிறது. மூத்தவள் ஆட்டத்தின் செட்டிங்குக்குள்ளே போய் எதையெதையோ மாற்றிப் பார்த்தாள், அதிர்வுக்கு வழியே வைக்கவில்லை தாத்தா என்று சைகையில் சொன்னாள். தப்பாகத் தட்டினாலும் சபாஷ் என்று வேறு எழுதிக் காட்டுகிறது, அதைப் பார்த்தால் உன் அப்பாவுக்குக் கோபம்தான் வருகிறது, இவன் யாரு என்னைத் தட்டிக்கொடுக்க என்கிறார்.

படங்களில் குறையே சொல்ல முடியாது. கடைசிப் பாட்டில் திரை முழுக்க நீ பூக்க வைத்த பூவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வட்டங்கள் அந்தப் பூக்களுக்குள்ளேயே மறைந்துபோகின்றன, அப்புறம் காதால்தான் பிடிக்க வேண்டும், அவர் எங்கே பிடிப்பார். அந்தப் பாட்டை முடித்தால்தான் ஆட்டத்தைச் செய்தவர்கள் பேரெல்லாம் திரையில் வரும். தினமும் சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு உட்காருவார், பூ வந்ததும் தோற்பார், குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். பழையதைப் போட்டு ஆடுங்களேன் என்றால், அதுல என் பையன் பேரு இல்லையே என்கிறார். இதற்கு நான் என்ன சொல்ல, நீயே சொல்லு.

போன வாரம் அவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தபோது மூத்தவள் ஒரே மூச்சில் அந்தப் பாட்டை முடித்துவிட்டாள். பேர்கள் வர ஆரம்பித்ததும் ஓடிப்போய் அவரை உலுக்கினாள். அவர் முழித்துப் பார்த்தார், என்னவென்று புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் தட்டித்தான் பாக்கணும், நிறுத்து என்று துண்டுக்குள்ளேயிருந்து சொன்னார். நானாவது பார்ப்போம் என்று டிவிக்கிட்டே போனேன், எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, பொடிப்பொடியாக இருந்தது. இதோ மாமா பேரு என்று அவள் விரல் வைத்தாள், நான் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் அது மேலே போய்விட்டது. பேத்தி அழுதுவிட்டாள், நான்தான் அவளைத் தேற்றி மாடிக்கு அனுப்பினேன்.

டாக்டர் இடது காதையும் பார்த்துவிட்டார், இனிமேல் காதில் மெஷின் வைத்தும் பிரயோஜனமில்லையாம். நீ திருத்திக் கொடுப்பாய் என்று உன் அப்பா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். உங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள், இனி இதைத் தொட ஆளில்லை, நாலாம் பாகமும் கிடையாது என்று நீ எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னாலும் பாதி கேட்காது, மீதியைக் கேட்காத மாதிரி இருந்துவிடுவார். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்டா என்று எழுதத்தான் கை வருகிறது, அடுத்தது ஏது. உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை, கேட்டாய், சொன்னேன். வேறு வேலை கிடைக்கும்வரை அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே, காலாற நடந்துவிட்டு வா, கண்ணுக்கு மருந்து போடு.

நீ எங்கே இருந்தாலும் உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறக்காமல் செய். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு, அலமாரியில் இருக்கிற போட்டோவில் உனக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. போனில் அனுப்பாதே, விரல் பட்டால் மேலே ஓடிவிடுகிறது. போட்டோவுக்குக் கீழே உன் பேரைத் தமிழில் பெரிதாக எழுதியிரு. அவர் துண்டை விலக்கிப் பார்ப்பாரோ என்னவோ, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா