பதினேழாம் எண் சுருட்டு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது.

நானும் சின்னவளும் சுகம். நீ கிளைக்கு வேலைக்குப் போன நாலு மாதத்தில் அவள் உடுப்பெல்லாம் குட்டையாகிவிட்டது. சமையல் என் கையில், அதனால் இருவரும் இளைத்திருக்கிறோம்.

உன் கடிதம் வந்தது. நாலு பக்கக் கடிதத்தில் அந்தக் கலவை மாஸ்டர் பதினோரு இடத்தில் வருகிறார். எண்ணினேன். இலையை முகர்ந்தே அதன் வயதைச் சொல்லிவிடுவாராம். உன் கைக்கு ஈடே இல்லை என்றாராம். பத்து வருடம் உன் பக்கத்து மேசையில் சுருட்டு சுருட்டிய எனக்கு அது தெரியாதா? சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். வயிறு எரிகிறது, போ. ஒளித்து என்ன ஆகப்போகிறது?

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய் உங்கள் கிளையின் புதுச் சுருட்டு இங்கே நாங்கள் மூன்று பேர் புகைத்துப் பார்த்து மதிப்பெண் போடும் ருசிமேசைக்கு வந்தது. தேறினால் நீ தலைமைச் சுருட்டுக்காரியாக இன்னும் இரண்டு வருடம் அங்கேயே. தேறாவிட்டால் மாதக் கடைசியில் வீடு. இது எனக்கும் தெரியும், அதுதான் வினை.

லேபிளைக் கழற்றி எண் மட்டும் ஒட்டித் தருவார்கள். பதினேழை எடுத்ததுமே, தலைப்பக்கம் இலையை மூடிவிட்டுக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாயே, அந்தப் பள்ளம் என் விரலில் தட்டுப்பட்டது. யார் கை என்று தெரிந்துவிட்டால் பென்சிலை வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். மேசை விதி அது. நான் எழவில்லை.

நுனி வரை அழுத்திப் பார்த்தேன். தொளதொளப்பும் இல்லை, முடிச்சும் இல்லை. பற்றவைத்தேன். ஒரு பக்கமும் சாயாமல் வட்டமாக எரிந்தது. சாம்பல் ஒரு அங்குலத்துக்கு உதிராமல் நின்றது. முதலில் மிளகுக் காரம், பாதியில் வறுத்த காப்பிக்கொட்டை, கடைசியில் கசக்கும் என்று காத்திருந்தால் லேசான இனிப்பு! கலவை அவருடையது, கை உன்னுடையது. இரண்டும் அவ்வளவு பொருந்திப் போயிருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. புகை இழுக்க வரவில்லை, நடுவில் அடைப்பு என்று பொய்யாக எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன்.

மற்ற இருவரும் ஒன்பது போட்டிருந்தார்கள். மேசைத் தலைவர் எங்கள் மூவரின் சாம்பல் கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர்கள் வழக்கம்போல் பாதிக்குக் கொஞ்சம் மேல் புகைத்ததும் அணைத்திருந்தார்கள். என் கிண்ணத்தில் கிடந்தது சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டு. ஏய்யா, அடைச்சுக்கிட்ட சுருட்டை எவனாவது விரல் சுடுற வரைக்கும் குடிப்பானா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முகம் செத்துப்போயிற்று.

அது என் சம்சாரத்தின் கை, தெரிந்தேதான் குறைத்தேன் என்று சொல்லிவிட்டேன். என் தாளைக் கிழித்தார். என்னை இலை பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார். எனக்கு அது வேண்டியதுதான். பதினேழு தேறிவிட்டது. வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்மா எப்போ வருவா என்று சின்னவள் கேட்டாள். அம்மா ஜெயிச்சுட்டா என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

உன் கை நோகாமல் இருக்கட்டும். கிடைத்த இடத்தை யாருக்காகவும் விடாதே. இரண்டு வருடம் இருந்துவிட்டு வா என்று எழுத மனசு வரவில்லை. உடனே வா என்று எழுத எனக்கு இனி யோக்கியதை இல்லை.

இப்படிக்கு,
உன்னுடைய எரிச்சல்காரன்