ஊறுகாய் என்று எழுதிய பெண்கள்

ஆபான் மாதம் 3, சனி

காலையிலிருந்து மழை. பூண்டுக்காரன் இருபது கிலோ என்று கொண்டுவந்தான், நிறுத்தால் பதினெட்டு. சண்டை போட்டேன், ஜெயித்தேன்.

மதியம் கைப்பேசியில் வரி அலுவலகத்துச் செய்தி. போன வருடத்துக்குப் பதினேழு கோடி தோமான் கட்ட வேண்டுமாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டுமாம். வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்து மறுபடி படித்தேன். என் பெயர்தான். ஈரான், ரஷ்த் நகரம், ஊறுகாய்க் கடை. ஒரு வருடம் முழுக்க உழைத்தாலும் என் கையில் அவ்வளவு மிஞ்சாது.

கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். பூட்டினேனா என்று பார்க்க இரண்டு தடவை திரும்பிப் போனேன்.

ஆபான் 4, ஞாயிறு

வரிக்கணக்கு எழுதிக்கொடுக்கும் ஸர்கரி ஆகாவிடம் போனேன். என்னைப் போன்ற சின்னக் கடைகள் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம், ஒரே தொகையாகக் கட்டிவிட்டால் போதும் என்பது சலுகை. ஆனால் விற்பனைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. என் வங்கிக் கணக்கில் விழுந்த பணம் அதைத் தாண்டிவிட்டதாம்.

"நஸ்தரன் கானும், மாசாமாசம் இருபத்து மூணு பேர் உங்க பேங்க் கார்டுக்கு ஆளுக்கு இருபது லட்சம் அனுப்புறாங்க. எல்லாரும் 'ஊறுகாய்'னு எழுதியிருக்காங்க. அவ்வளவு ஊறுகாயைத் தின்னுட்டு எல்லாரும் உயிரோட இருக்காங்களா?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

அது சீட்டுப் பணம். என்னோடு சேர்த்து இருபத்து நாலு பெண்கள். மாதம் ஒருமுறை என் வீட்டில் தேநீர், குலுக்கல். பெயர் வந்தவள் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள், வட்டி கிடையாது. கடையில் வாடிக்கையாளர்களுக்காக எழுதி மாட்டியிருக்கும் கார்டு எண் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் பணமும் அதற்கே வரும். அனுப்பும்போது ஊறுகாய் என்று எழுதச் சொன்னதும் நான்தான். பாதிப்பேரின் வங்கிச் செய்திகள் கணவன்மார் கைப்பேசிக்குப் போகின்றன. ஊறுகாயைப் பார்த்து எந்த ஆம்பிளை கேள்வி கேட்பான்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேனே!

இப்போது ஒவ்வொருத்தியும் 'இது சீட்டுப் பணம், ஊறுகாய் வாங்கியதல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோடு தர வேண்டும்.

ஆபான் 8, வியாழன்

தூக்கமில்லை. வாசலில் வண்டி நின்றாலே எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். அவர்கள் வண்டியில் வரமாட்டார்கள், செய்திதான் அனுப்புவார்கள். தெரிந்து என்ன?

ஆபான் 13, செவ்வாய்

ஏழு வீடு ஏறி இறங்கினேன். எஃபத் கானும் கதவைப் பாதிதான் திறந்தாள். சீட்டுப் பணத்தில் மகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கி அனுப்பியவள்.

"நஸ்தரன் ஜான், உனக்காக உயிரையே குடுப்பேன். கையெழுத்து மட்டும் கேட்காத. அவருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவார்."

"நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ திறக்க வேணாம். காகிதம் திறக்கும்."

மற்றவர்களுக்குப் புருஷன் பயம் மட்டுமில்லை. ஒருத்தி வீட்டில் தைக்கிறாள், ஒருத்தி ரொட்டி சுட்டு விற்கிறாள். யாரிடமும் உரிமம் இல்லை. வரி அலுவலகத்துக்குத் தன் பெயரைத் தானே எழுதிக்கொடுக்க யார் வருவாள்? அவர்கள் இடத்தில் நான் இருந்தால்? — வேண்டாம், அதை யோசிக்க வேண்டாம்.

ஆபான் 20, செவ்வாய்

ஒரு காகிதமும் வரவில்லை. இன்னும் பதின்மூன்று நாள்.

கெடு தாண்டினால் வங்கிக் கணக்கையே முடக்குவார்கள் என்கிறார் ஸர்கரி ஆகா. முடக்கினால் கார்டு இயந்திரம் வேலை செய்யாது. யார் இன்று ரொக்கம் வைத்திருக்கிறார்கள்? பின்அறையில் ஏழு வருடம் ஊறிய பூண்டு ஊறுகாய் நாற்பது ஜாடி இருக்கிறது. அதை விற்றால் எவ்வளவு தேறும்? கடை போனால் எனக்கு என்ன தெரியும்? ஐம்பத்தொரு வயதில் யார் என்னை வேலைக்கு வைப்பார்கள்? பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆபான் 25, ஞாயிறு

மஹ்ருக் வந்தாள். அவளும் சீட்டில் ஒருத்தி, அடுத்த சந்து, வீட்டிலேயே பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் போடுகிறவள். அவளுக்கும் உரிமம் கிடையாது. மழையில் தலைத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க, அந்தக் காகிதத்தைக் குடு."

"படிச்சுப் பாரு முதல்ல."

"படிச்சா கை நடுங்கும். குடுடீ."

போட்டுவிட்டு மிச்சக் காகிதங்களையும் வாங்கிக்கொண்டாள். "எல்லாத் தலையும் என்கிட்டதானே வருது. கையில கத்தரியை வெச்சுக்கிட்டுக் கேட்டா எவ மாட்டேம்பா?"

மூன்று வாரம் கழித்து இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆபான் 30, வெள்ளி

பத்தொன்பது காகிதம்! எஃபத் கானுமுடையதும் இருக்கிறது. ஒரு பக்கத்து முடியை மட்டும் வெட்டிவிட்டு மஹ்ருக் கேட்டாளாம்.

ஆஸர் மாதம் 2, ஞாயிறு

கொடுத்துவிட்டேன். இதை எழுத வேண்டாமென்று நினைத்தேன். எழுதுகிறேன்.

வரி அலுவலகத்து மேசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். ஒவ்வொரு அடையாள எண்ணாகக் கணினியில் தட்டிப் பார்த்தாள். மஹ்ருக்குடைய எண்ணில் நின்றாள்.

"இவங்க கணக்குல நிறைய பேர் பணம் போடுறாங்களே. என்ன தொழில்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் மிரட்டக்கூட இல்லை. நான்தான், "முடி வெட்டுறாங்கம்மா, வீட்டுலதான்" என்றேன். என் வாயா அது? என்னைப் பார்க்காமல் மஹ்ருக்கைப் பார்க்கட்டும் என்று நினைத்தேனா? அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டாள்.

மஹ்ருக் வாசலிலேயே காத்திருந்தாள். "என்ன கேட்டா?" என்றாள். ஒண்ணுமில்லை என்றேன்.

ஆஸர் 24, திங்கள்

செய்தி வந்தது. ஆட்சேபம் ஏற்கப்பட்டது. பழைய சலுகை, வழக்கமான தொகை. கடை பிழைத்தது.

இந்த மாதம் குலுக்கல் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தே மாதம் 9, செவ்வாய்

மஹ்ருக்குக்குச் செய்தி வந்திருக்கிறது. கல்லாவுக்கு மேலாகக் கைப்பேசியை நீட்டினாள். உரிமம் இல்லாத தொழில், இரண்டு வருட வரி, அபராதம். போன வருடம் அவளுக்கு விழுந்த சீட்டுப் பணத்தையும் வருமானத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது சீட்டுதான் என்று நடத்தியவள் எழுதித் தர வேண்டும். நடத்தியவள் நான்.

மறுபடி என் பெயர் அந்த மேசைக்குப் போக வேண்டுமா? இப்போதுதானே விட்டார்கள்? நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

தே 10, புதன்

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மஹ்ருக் தட்டினாள்.

"உள்ளதான் இருக்க. உன் காலு தெரியுது."

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நானும் கையெழுத்துப் போட வந்த அன்னிக்கு ரெண்டு தடவை உன் கடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன், நஸ்தரன். மூணாவது தடவைதான் உள்ள வந்தேன்."

எழுந்து ஷட்டரைத் தூக்கினேன். அவள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன், அந்த மேசையில் அவளைப் பற்றி என்ன சொன்னேன் என்று. முழுசாக, ஒன்றும் மறைக்காமல்.

ஆலிவ் வாங்க வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு மஹ்ருக் காகிதத்தை என் முன்னால் தள்ளினாள்.

"கையெழுத்தப் போடு. திட்டுறதை அப்புறம் வெச்சுக்கறேன்."

போட்டேன். அடையாள அட்டை நகலையும் கொடுத்தேன். இன்னும் திட்டவில்லை. வரி அலுவலகத்தைவிட இப்போது அதற்குத்தான் பயமாக இருக்கிறது.