முனிராஜ் இறுக்கிய கிளட்ச்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பக்கத்து அறை முனிராஜ், தன் வண்டியில் பெட்ரோல் இல்லையென்று ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை இரவல் வாங்கிப் போனான். நேற்று இரவு திருப்பிக் கொடுக்கும்போது, "கிளட்ச் லூசா இருந்துச்சுண்ணா, நானே டைட் பண்ணிட்டேன்" என்றான். நான் கேட்கவேயில்லை.

இன்று காலை கம்பெனிக்குப் போகும்போது மேட்டில் வண்டி ஏறவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை வேறு. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஷிஃப்ட் தொடங்கிவிட்டது. சூப்பர்வைசர் உள்ளே விடவில்லை. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் முனிராஜ் டீக்கு வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சிரித்தான். "பழைய இரும்புக்குப் போட்டுருண்ணா!"

சாயங்காலம் பார்த்தேன். லீவரில் துளிகூட ஆட்டம் விடாமல் கேபிளை இறுக்கியிருக்கிறான். கையை எடுத்தாலும் கிளட்ச் பாதி பிடித்தபடியே இருக்கும். பிளேட் வழுக்காமல் என்ன செய்யும்? நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் ஆட்டம் கொடுத்ததும் வண்டி இழுத்தது.

ஸ்பேனர் கையில்தான் இருந்தது. அவன் வண்டியும் பக்கத்தில்தான் நின்றது. அவன் எனக்கு இறுக்கிய அளவுக்கே அதன் கிளட்ச் கேபிளையும் இறுக்கினேன். அந்த நேரம் பார்த்து அவனே வந்து லீவரை அழுத்திப் பார்த்தான்.

"சூப்பர்ணா! இப்பதான் கிண்ணுன்னு இருக்குது. தேங்க்ஸ்ணா."

விடியற்காலையில் சானமாவு காட்டு வழியாக ஊருக்குப் போகிறானாம். அங்கே யானை இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இருக்கட்டும். யானையைப் பார்த்ததும் முறுக்கட்டும். சத்தம் மட்டும்தான் வரும்.

அவன் கிளம்புவதற்கு முன் எழுந்தால் நட்டைத் தளர்த்திவிடலாம்.

அலாரம் வைக்கவில்லை.