குர்லா லோக்கலில் நீங்கள் ஒப்பித்த விடைகள்

அன்புள்ள ஏன்னாவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் சொல்ல வாய் வரவில்லை. அங்கே சௌக்கியமா? குறுக்கெழுத்துப் போட்டி உண்டா? உண்டென்றால் உங்களுக்கு யார் போட்டுத் தருகிறார்கள்?

பதிமூன்றாம் நாள் உங்கள் லோக்கல் ரயில் கோஷ்டி மாட்டுங்கா வீட்டுக்கு வந்தது. குர்லாவிலேயே ஏறிக் கைக்குட்டை போட்டு உங்களுக்கு இடம் பிடிப்பாரே, அந்த ராமசேஷன்தான் பேசினார்.

“சார் மூளை யாருக்கு வரும் மாமி? நான் குறிப்பைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள விடையைச் சொல்லிடுவார்!”

சொல்ல மாட்டீர்களா பின்னே? வாரப் பத்திரிகை வந்ததும் கட்டங்களை நிரப்பியது நான். சனிக்கிழமை காலையில் ஷேவ் செய்துகொண்டே விடைகளை வரிசையாக ஒப்பித்தது நீங்கள். குறிப்பு என்ன என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? வாய்ப்பாடு மாதிரி விடை மட்டும் போதும் உங்களுக்கு.

“ஒரே ஒரு தடவைதான் சறுக்கினார்” என்று ராமசேஷன் சிரித்தார். “‘கற்றது மனதில் தங்குவது, மூன்றெழுத்து’ன்னு படிச்சேன். ‘மறதி’ன்னுட்டார்! வி.டி. ஸ்டேஷன் வர்ற வரைக்கும் சிரிச்சோம். சார் மூஞ்சியே செவந்துபோச்சு.”

நினைவு என்றுதான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மறதி அதற்கு அடுத்த விடை. ஒன்று தள்ளி ஒப்பித்திருக்கிறீர்கள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு மறக்குமா? வந்ததும் வராததுமாக, நான் தபாலில் படித்துக்கொண்டிருந்த பி.ஏ. புத்தகங்களைக் கட்டி எடுத்துப்போய் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடையில் எடைக்குப் போட்டீர்கள். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஏன் என்று கேட்டு அழுதேன். “உன் மண்டையில என்னடி தங்கப் போறது?” என்றீர்கள். உண்மைக் காரணம் இத்தனை வருஷம் கழித்து ராமசேஷன் வாயால் தெரிகிறது.

அடுத்த வாரம் நீங்களே வாங்கி வந்த வடாபாவ் என் சரித்திரப் புத்தகத் தாளில் சுற்றியிருந்தது. கவனித்தீர்களா? எண்ணெயில் ஊறிப்போன வரிகள் எனக்கு மனப்பாடமாக வந்தன. நீங்கள் ருசியாக இருக்கிறது என்று எனக்கும் சேர்த்துத் தின்றீர்கள்.

இங்கத்திய சமாசாரம்: மறுபடி பி.ஏ.வுக்குச் சேர்ந்துவிட்டேன். மாலை போட்ட உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்து உரக்கப் படிக்கிறேன். கேட்கிறதா?

இந்தக் கடிதத்தை அந்த வாரப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அவர்கள் போட்டால், சனிக்கிழமை குர்லா லோக்கலில் ராமசேஷன் உரக்கப் படிப்பார். உங்களுக்குத்தான் தெரியுமே, அந்தக் கோஷ்டி எத்தனை தூரம் சிரிக்கும் என்று.

திதியைப் பையன் பார்த்துக்கொள்வான். என்னால் ஆனதை நான் செய்கிறேன். உங்களை மறக்கவே மாட்டேன். நீங்கள் சொன்னது, செய்தது, எதையும் விடாமல் நினைவில் வைத்திருப்பேன். சத்தியம்.

இப்படிக்கு,
மண்டையில் எல்லாம் தங்கிவிட்ட
உங்கள் மனைவி